தோட்டத்தில் நாட்டுக்கோழி மேய விடுவது எப்படி? கீரைப் பாத்தியும் தப்ப வேண்டும்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், அதில் நாலு வாழை, ஒரு முருங்கை, இரண்டு பாத்தி கீரை என்று வைத்திருப்பவர்கள் அடுத்து ஆசைப்படுவது நாலைந்து நாட்டுக்கோழிகளுக்குத்தான். வாங்கி வந்து மறுநாளே திறந்து விடுகிறார்கள். அப்புறம் கீரைப் பாத்தி முழுக்கக் கிளறிக் கிடக்கும், ஒரு கோழி பக்கத்து வீட்டு விறகுக் குவியலில் முட்டையிடும், இன்னொன்றை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும், மிச்சமிருக்கும் கோழிகள் கூண்டுக்குள் போனால் போனதுதான், திரும்ப வெளிச்சத்தையே பார்க்காது. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. தரையைக் கிளறுவதும் புழு பொறுக்குவதும் மண்ணில் புரள்வதும் நாட்டுக்கோழியின் இயல்பு. அது நடக்கவும் வேண்டும், தோட்டமும் தப்ப வேண்டும் என்றால் திறந்து விடுவதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன.

1. எத்தனை கோழி, எந்தக் கோழி

தோட்டம் மட்டும் ஐந்து சென்ட் இருந்தால் ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். அதற்கு மேல் போனால் பச்சை என்று தரையில் எதுவும் மிஞ்சாது. சின்னத் தோட்டத்துக்குச் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகைதான் என் தேர்வு. உடம்பு சின்னது, தீனி குறைவு, அடையும் நன்றாகக் காக்கும். முட்டைக்கு மட்டும் என்றால் சேவல் தேவையே இல்லை, ஆனால் மேய விடும்போது பருந்து நிழல் தெரிந்ததும் முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் குஞ்சாக வாங்காமல், தடுப்பூசி போட்ட மூன்று நான்கு மாதக் கோழிகளாக வாங்குங்கள்.

2. ராத்திரிக்குக் கூண்டு

பகலில் எவ்வளவு சுற்றினாலும் ராத்திரி பூட்டிய கூண்டில்தான் இருக்க வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கோழி வலையை நாய் பிய்த்துவிடும், அதனால் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடியுங்கள். கீரி சின்னச் சந்திலும் நுழையும், அடிப்பக்கம் மண்ணைத் தோண்டியும் வரும், எனவே கூண்டைச் சுற்றி ஒரு வரிசைக் கல்லோ செங்கல்லோ புதைத்து விடுங்கள். உள்ளே தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் குறுக்காக ஒரு கம்பு. அதில் ஏறி உட்கார்ந்துதான் கோழி தூங்கும்.

3. இதுதான் வீடு என்று பழக்குவது

பலர் தாண்டிப் போகிற படி இது. புதுக் கோழிகளை ஏழு முதல் பத்து நாள் வரை கூண்டை விட்டு வெளியே விடவே கூடாது. அந்த நாட்களில் தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் "பா பா பா" என்று கூப்பிட்டுக் குருணையோ கம்போ போடுங்கள். வீட்டில் யார் போட்டாலும் அதே குரல். குரல் கேட்டதும் எல்லாம் கதவுப் பக்கம் ஓடி வந்தால் பழகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் தடவை திறப்பது பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால். காலையில் திறக்கவே திறக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கோழியால் ரொம்ப தூரம் போக முடியாது, இருட்டத் தொடங்கியதும் பழகிய இடம் தேடித் தானாக வந்துவிடும். அன்று தீனி எதுவும் போடாமல் வைத்திருந்து, கூண்டுக்குள் அடைக்கும்போது போடுங்கள். நாலைந்து நாள் இப்படி ஓடிய பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

ஏதாவது ஒன்று முருங்கை மரத்தில் ஏறி அடைந்துவிட்டால் அன்றைக்கே இறக்கி விடுங்கள், விட்டால் அதுவே பழக்கமாகிவிடும். நன்றாக இருட்டிய பிறகு போனால் கோழி ஓடாது. மார்புக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிக் கூண்டுக் கம்பில் உட்கார வையுங்கள்.

4. தோட்டத்தைக் காப்பது

கோழிக்கு வேலி போடுவதைவிடச் செடிக்கு வேலி போடுவது சுலபம். தோட்டத்தில் பாதிக்கு மேல் கோழியால் கெடாது. முருங்கை, கறிவேப்பிலை, மா, தென்னை, வளர்ந்த செம்பருத்தி இதற்கெல்லாம் எதுவும் செய்ய வேண்டாம். பாதுகாப்பு தேவைப்படுவது கீரைப் பாத்தி, மிளகாய் கத்திரி நாற்று, புதிதாக நட்ட கன்று இவற்றுக்குத்தான்.

பாத்தியைச் சுற்றி நாலடி உயரத்துக்கு நைலான் வலை கட்டுங்கள். நாட்டுக்கோழி நாலடி பறக்காதா என்று கேட்பீர்கள். பறக்கும். ஆனால் கோழி வேலியை ஒரே தாவாகத் தாண்டுவது குறைவு, பெரும்பாலும் மேல் விளிம்பில் ஏறி நின்று மறுபக்கம் குதிக்கும். அதனால் வலையின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பு வைக்காமல் தளர்வாக விட்டுவிடுங்கள், நிற்க இடம் இல்லை என்று தெரிந்தால் பெரும்பாலான கோழிகள் முயற்சி செய்யாது. அடிப்பக்கத்தை மட்டும் இழுத்துக் கட்டிக் கல் வையுங்கள். தரையில் சுருண்டு கிடக்கும் வலையில் கோழிக் கால் சிக்கும், பாம்பும் சிக்கும்.

அப்படியும் ஒரு கோழி தாண்டிக்கொண்டே இருந்தால் ஒரு பக்க இறக்கையில் மட்டும் நுனியிலிருக்கும் நீளமான பத்து இறகுகளைப் பாதியாகக் கத்தரித்து விடுங்கள், வலிக்காது. பறக்க முயன்றால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இறகின் தண்டில் ரத்தம் ஓடுவது தெரிந்தால் அது இன்னும் வளரும் இறகு, அதைத் தொடாதீர்கள்.

விதை போட்ட பாத்திக்கு வலைகூட வேண்டாம். இலந்தை முள்ளோ கருவேல முள்ளோ வெட்டி மேலே பரப்பி விட்டால் போதும், முளைத்து ஒரு சாண் வந்ததும் எடுத்துவிடலாம். கன்றுகளுக்கு அடியில் ஈர மண் இருக்கும், அங்கேதான் மண்புழு இருக்கும் என்று கோழிக்குத் தெரியும், நேராக அங்கேதான் போகும். தண்டைச் சுற்றி நாலு செங்கல்லையோ, கவிழ்த்த தேங்காய் மட்டைகளையோ நெருக்கமாக அடுக்குங்கள். மட்டை வைத்தால் ஈரமும் காயாமல் நிற்கும். வாழைக்கும் இதைச் செய்யுங்கள், அதன் வேர் மேலாகவே ஓடுவதால் கிளறினால் வெளியே தெரிந்துவிடும்.

தக்காளி சிவந்தால் கொத்தும். கன்னம் சிவக்கத் தொடங்கும்போதே பறித்து வீட்டில் பழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கிளற ஓர் இடம் கொடுங்கள். குப்பைக்குழியைத் திறந்து விட்டால் புழுவுக்காக நாள் முழுக்கப் புரட்டிப் போடும், உங்களுக்கும் எரு சீக்கிரம் தயாராகும். மழை படாத ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஓரடி ஆழத்தில் கொட்டி வையுங்கள். அதில் புரண்டு புரண்டு குளித்துத்தான் கோழி தன் மேலிருக்கும் பேனையும் செள்ளையும் உதிர்க்கிறது.

5. எந்த நேரம் விடுவது

பெட்டைகள் பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். விடிந்ததும் திறந்தால் செடி மறைவில் இட்டு ஒளித்து வைத்துவிடும், நீங்கள் கண்டுபிடிக்கும்போது அடையில் உட்கார்ந்திருக்கும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு திறங்கள். கூண்டுக்குள் வைக்கோல் போட்ட ஒரு கூடை, அதில் முட்டை மாதிரி ஒரு வெள்ளைக் கூழாங்கல். அதைப் பார்த்தால் அங்கேயே இடப் பழகும். முட்டைக்கு வந்த பெட்டை இடம் தேடிக் கேறிக்கொண்டே திரியும், அந்தச் சத்தம் கேட்டால் அன்று கொஞ்ச நேரம் உள்ளேயே வையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள், சுற்றுச்சுவர் இல்லாதவர்கள் பகலில் விடவே வேண்டாம். நாலரை மணியிலிருந்து இருட்டும் வரை, நீங்கள் செடிக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் விட்டால் போதும். ஒரு சின்னத் தோட்டத்துக்கு அந்த இரண்டு மணி நேரமே தாராளம்.

6. தீனியும் கரையானும்

மேய்வதை மட்டும் நம்ப முடியாது. காலையில் கொஞ்சம் குருணை, கம்பு, சோளம், மாலையில் அடைக்கும்போது இன்னொரு கை. முட்டை ஓட்டைக் காய வைத்து நொறுக்கிப் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். நிழலில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

குஞ்சு இருந்தால் கரையான் கொடுங்கள், அது நம் ஊர்களில் பழைய முறை. ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கும் மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் தூக்கினால் உள்ளே வெள்ளையாக நெளியும். குஞ்சுகள் முன்னால் தட்டிவிட வேண்டியதுதான். கதவு நிலை, மரச்சாமான் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

7. கவனிக்க வேண்டியவை

எலி மருந்து வைத்த வீட்டில், அக்கம்பக்கத்து வீடாக இருந்தாலும், கோழியைத் திறந்து விடாதீர்கள். செத்த எலியைக் கொத்தினாலே ஆபத்து. பூச்சிமருந்து அடித்த தோட்டமும் அப்படித்தான். தெர்மாகோல் துண்டைக் கண்டால் கோழிக்கு அவ்வளவு ஆசை, ஒன்று விடாமல் கொத்தி விழுங்கும். ஆணி, கம்பித் துண்டையும் விழுங்கும். திறப்பதற்கு முன் தரையை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். குஞ்சுகளைத் தாய்க்கோழி இல்லாமல் வெளியே விடாதீர்கள், காகமே தூக்கிவிடும். தாய் இருந்தாலும் முதல் சில வாரம் பஞ்சாரத்துக்குள் (கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடை) இருக்கட்டும்.

நோயில் பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சல். வந்தால் மருந்து கிடையாது, ஒரே வாரத்தில் கூண்டே காலியாகும். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்காக முகாம் நடத்துகிறது, பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்தும் கொடுங்கள். புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்ற கோழிகளோடு சேர்த்து விடுங்கள்.

புதினா, கொத்தமல்லி மாதிரி பச்சையாகச் சாப்பிடும் செடிப் பக்கம் கோழியை அண்ட விடாதீர்கள், கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், முக்கியமாகக் குழந்தைகள். கூண்டில் சேரும் எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் சூட்டில் வேர் கருகும். காய்ந்த இலையோடு கலந்து இரண்டு மூன்று மாதம் மட்க விட்டுப் போடுங்கள். சித்திரையிலேயே குவிக்கத் தொடங்கினால் ஆடிப்பட்டத்துக்குத் தயாராக இருக்கும்.