கடிதம் முதலில், பெயிண்ட் பிறகு: மாணவர் குழுவோடு ராமநாதபுரம் கடலோரத்துக்கு

தொப்பி, கொசுவத்தி, வயிற்றுப்போக்கு மாத்திரைப் பட்டியல் இங்கே கிடையாது. அதைப் பிள்ளைகளின் அம்மாக்கள் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். இது, வெளிநாட்டிலிருந்து பத்துப் பதினைந்து கல்லூரி, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஒரு வாரம் 'சேவை', இரண்டு நாள் ஊர் பார்த்தல் என்று திட்டம் போடும் பொறுப்பாளர்களுக்கு.

தேதியிலேயே பாதிப் பயணம் கெட்டுவிடும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் நடுவில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு; அது முடிந்ததும் விடுமுறை, பள்ளிக்குப் பூட்டு. வடகிழக்குப் பருவமழை வேறு. அடித்த பெயிண்ட் காயாது. ஜூனில் வெயிலும் கச்சான் காற்றும் மணலை வாரி முகத்தில் அடிக்கும், ஆனால் வேலை நடக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜூன் 10 வாக்கில் போனால் ஆட்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு, படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டு இருப்பார்கள். பேச நேரம் இருக்கும். தடை முடிந்துவிட்டால் உங்களுக்காக ஒருவரும் நிற்கமாட்டார்கள், நிற்கவும் கூடாது.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு வரும், வாடகை வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வரும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலை பரமக்குடி வழியாகத்தான் போகிறது. டெம்போ டிராவலரில் பதினேழு பேரோடு அந்த வாரத்தில் கிளம்பாதீர்கள்.

இனி பள்ளி. அரசுப் பள்ளி ஒன்றுக்கு வெள்ளையடித்து, பிள்ளைகளோடு இரண்டு நாள் விளையாடி, கொஞ்சம் ஆங்கிலம் பேசிவிட்டு வரலாம் என்றுதான் எல்லாக் குழுவும் நினைக்கிறது. தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டால், "அதுக்கென்ன, தாராளமா வாங்க, பாத்துக்கலாம்" என்பார். அது விருந்தோம்பல். அனுமதி என்பது வேறு. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் பள்ளி மாணவிகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான விவகாரத்துக்குப் பிறகு, வெளியாட்களைப் பள்ளிக்குள் விடுவதில் கல்வித் துறை மிகவும் கவனமாக இருக்கிறது. அது சரிதான். ஏதாவது நடந்தால் மெமோ வாங்கப்போவது தலைமை ஆசிரியர், விமானம் ஏறிவிட்ட நீங்கள் அல்ல. அவருடைய தயக்கத்தைத் திமிர் என்று எண்ணாதீர்கள்.

ஆகவே எழுத்தில் வேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக, உயர்நிலை, மேல்நிலையென்றால் மாவட்டக் கல்வி அலுவலர் வழியாக, முதன்மைக் கல்வி அலுவலருக்கு. குறைந்தது இரண்டு மாதம் முன்னால். கடிதம் தமிழில், ஒரே பக்கம்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற பழைய அமைப்பில். உங்கள் சங்கத்தின் பளபளப்பான ஆங்கிலக் கடிதத்தாளில் எழுதினால் அதைப் படிக்க ஒருவர், புரிந்துகொள்ள ஒருவர், யாரிடம் அனுப்புவது என்று கேட்க ஒருவர் என்று நாலு நாள் போகும். இணைப்பாகப் பெயர்ப் பட்டியல் (வயது, பாஸ்போர்ட் எண்ணோடு), எந்த வகுப்பறை, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, தலைமை ஆசிரியரின் பரிந்துரை, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல். குழந்தைகளைப் படமெடுத்து வெளியிடமாட்டோம், மதமோ அரசியலோ பேசமாட்டோம் என்று ஒரு உறுதிமொழி.

'முகாம்' என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள். கிருஷ்ணகிரிக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கே தனி விசாரணை உண்டு. 'கற்பித்தல்' என்றும் வேண்டாம். பெயிண்ட் வேலைக்கு ஒரு கடிதம், பிள்ளைகளோடு இருப்பதற்கு இன்னொரு கடிதம். இரண்டையும் ஒன்றில் எழுதினால், இரண்டாவதற்கு வரும் கேள்வியில் முதலாவதும் சேர்ந்து நின்றுவிடும். பெயிண்ட் வேலையை சனி, ஞாயிறு என்று பிள்ளைகள் இல்லாத நாளில் போட்டால் பாதிக் கேள்வி வராது.

மூலமும் மூன்று நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நாலு நாள் கழித்துப் போய் ந.க. எண் (கடிதத்துக்கு அலுவலகம் போடும் பதிவு எண்) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் கடிதம் இருக்கிறது என்று நிரூபிக்க உங்களால் முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியது அனுப்பியதாகாது; இரண்டு நீல டிக் அரசாங்க முத்திரை இல்லை. திங்கட்கிழமை போகாதீர்கள்: மக்கள் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் கலெக்டர் அலுவலகத்தில் இருப்பார்கள். மற்ற நாட்களில் "ஐயா கேம்ப்ல இருக்காங்க" (அலுவலாக வெளியே போயிருக்கிறார்) என்ற பதிலுக்குத் தயாராகப் போங்கள். கேம்ப் எந்த ஊரில் என்று கேட்காதீர்கள். எந்தப் பிரிவு எழுத்தரிடம் கோப்பு இருக்கிறது, அவர் விடுப்பில் போனால் பீரோ சாவி யாரிடம் என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வி சிரிப்பாக இருக்கலாம். ஒரு தாள் மூன்று வாரம் பீரோவுக்குள் இருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதற்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து முடியாது. ஊரில் ஓர் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் உத்தமம். அவருடைய ஆட்டோ செலவை, அரை நாள் காத்திருப்பை, நீங்கள் கேட்காமலே கொடுங்கள். "ஒண்ணும் வேணாம்" என்பார், கொடுங்கள். உங்களுக்காக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் ஊரைவிட்டுப் போகாதவர்; போனவர்களின் வேலை பலவற்றை ஏற்கெனவே அவர்தான் பார்க்கிறார்.

கடைசியில் கையில் வேண்டியது அதிகாரியின் 'செயல்முறைகள்' என்ற தலைப்போடு வரும் உத்தரவு. அது இல்லாமல் போனால் நடப்பது இதுதான்: காலை ஒன்பது மணிக்கு ஒரே நிற டி-ஷர்ட்டில் பதினைந்து பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். உள்ளே சாவியோடு தலைமை ஆசிரியர் தலைகுனிந்து நிற்பார். யாரோ போன் பேசுவார்கள். பெயிண்ட் வாளிகள் வெயிலில் கிடக்கும். மதியம் ஒரு மணிக்கு பிரியாணிப் பொட்டலத்தோடு பிள்ளைகளை அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போவீர்கள், அதைச் 'சேவையின் ஒரு பகுதி' என்பீர்கள்.

அனுமதி கிடைத்தால் சுவரைப் பாருங்கள். இந்தக் கடலோரத்தில் சுவர் உப்புப் பூத்து, அடியில் மூன்றடிவரை பொரிந்திருக்கும். அதன்மேல் நேராக பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு அப்பளம்போல் உரிந்துவிழும். இரும்புப் பட்டையால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி (பள்ளி போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவுவதே கேடு), இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். பிறகு சிமென்ட் பிரைமர் ஒரு பூச்சு, எமல்ஷன் இரண்டு பூச்சு. 20-க்கு 20 அடி அறை, பத்தடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக ஏறத்தாழ 650 சதுர அடி. லிட்டருக்கு 50 சதுர அடி என்று இரண்டு பூச்சுக்குக் கணக்கிட்டால் 13 லிட்டர். சுரண்டலும் கழுவலும் உள்ளூர் பெயிண்டர் இருவரிடம் முன்கூட்டியே விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரமும் பிள்ளைகள் தூசியைத்தான் தின்பார்கள். ஒரு வாரத்துக்கு இரண்டு அறை போதும்.

அந்த அறையின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைவாக இருக்கும். அதற்கு வெளியூர் போன குடும்பங்களும் ஒரு காரணம். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள்.

குழுவில் மூன்று வகைப் பிள்ளைகள் இருப்பார்கள்: இந்தியப் பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை), வெறும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட். மூன்றாம் வகையினர் இ-டூரிஸ்ட் விசா எடுக்கும்போது, ஊதியமில்லாத குறுகிய காலத் தன்னார்வப் பணி என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு அதிகபட்சம் ஒரு மாதம். பாதிப் பேர் சுற்றுலா என்றும் பாதிப் பேர் சேவை என்றும் போட்டுவிட்டு வந்தால், கடிதமும் விசாவும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் யார் தங்கினாலும், ஓசிஐ அட்டை இருந்தாலும், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும்; ஊரில் அதற்கு 'சி ஃபார்ம்' என்று பெயர். அத்தை வீட்டு மாடியானாலும் இதுதான் சட்டம். ஆகவே பதியத் தெரிந்த லாட்ஜில் தங்குங்கள், அத்தை வீட்டில் சாப்பிடுங்கள்.

பணம். பிள்ளைகள் கேக் விற்றுத் திரட்டிய டாலரை உள்ளூர் அறக்கட்டளையிடம் நேராக நீட்டாதீர்கள். வெளிநாட்டுக் குடிமக்களின் பணம், ஓசிஐ வைத்திருப்போர் பணம் உட்பட, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அச்சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள் மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாக அதை வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பதிவு இருக்கிறதா என்று கேட்டால் அறக்கட்டளைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

"கலெக்டர் ஆபீஸ்ல நம்ம பையன் இருக்கான், நான் பாத்துக்கறேன்" என்று ஒரு மாமா எல்லாக் குழுவுக்கும் உண்டு. அவர் கேட்பது பொன்னாடை, ஃப்ளெக்ஸில் படம், பிறகு தன் மகனுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை. பொன்னாடை போடுங்கள். கடிதத்தை அவரிடம் கொடுக்காதீர்கள்.

கடல் வேலை பற்றி. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி கால் வைக்கக் கூடாது. பவளம், கடல் அட்டை எதையும் தொட்டுப் பையில் போடக் கூடாது. செத்த பவளத் துண்டும் விமான நிலையத்தில் வழக்காகும். டிரோன் கொண்டுவராதீர்கள்: உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. சாட்டிலைட் போனும் கூடாது. மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குள் உறவினரைப் பார்க்கப் போவதற்கும் முன் அனுமதி வேண்டும். கேட்டில் நின்று கண்ணீர்விட்டுப் பயனில்லை.

கடற்பாசி வளர்க்கும் பெண்களோடு ஒரு காலை இருப்பது வெள்ளையடிப்பதைவிடப் பயனுள்ளது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி: மொத்தம் 60 கிலோ. 45 நாளில் அறுவடை. கரையில் உட்கார்ந்து முடிச்சுப் போடப் பிள்ளைகளால் முடியும். மெதுவாகப் போடுவார்கள், கூலியாட்களின் நேரத்தைத் தின்பார்கள், அதற்கு ஈடாக அன்றைய கூலியைக் கொடுங்கள். கடற்கரை சுத்தம் என்றால் ஊர்த் தலைவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குப்பைபோல் கிடக்கும் வலை பலநேரம் யாருடைய முதலோ. சாக்குகளை எடுத்துப்போக ஊராட்சி வண்டி வருமா என்று முந்தின நாளே உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கட்டிவைத்த மூட்டையை நாய் கிழித்து மறுநாளே கரையில் பரப்பும்.

ஊர் பார்த்தல் எளிது. ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடினால் ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடை தேவை. உள்ளே செல்போன் கிடையாது. அரிச்சல்முனையில் குளிக்காதீர்கள், நீரோட்டம் இழுக்கும். மாலையில் தனுஷ்கோடிக்கு வண்டி விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள். 1964 டிசம்பர் புயலில் மிச்சமான தேவாலயச் சுவரின் அருகே பிள்ளைகள் தாமாகவே பேச்சை நிறுத்துவார்கள். பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது; மண்டபத்திலிருந்து ரயிலிலேயே கடக்கலாம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு உண்டு. உத்திரகோசமங்கையில் மரகத நடராஜரைச் சந்தனக் காப்பின்றிப் பார்க்க மார்கழித் திருவாதிரைக்குத்தான் வர வேண்டும்.

கிளம்பும் நாளில் மிச்ச பெயிண்டை இறுக மூடி, மூடிமேல் ஷேடு எண்ணையும் கடைப் பெயரையும் எழுதி, தலைமை ஆசிரியர் அறையில் வெயில் படாத மூலையில் வையுங்கள். கடைக்காரரிடம் அதே எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சுவர் முதலில் பொரிவது ஜன்னலுக்குக் கீழே.