வீட்டு மானியம் கைநழுவிப்போகும் இடங்கள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பாதுகாவலர் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். மனைவி வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். இரவு வேலை ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணன் வேலையை விட்டார். இரண்டு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், கிடைத்த நேரத்தில் வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாம் கெட்டது.

முதன்முறை வீடு வாங்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் பெரிய உதவி, மேம்படுத்தப்பட்ட மசேநி (மத்திய சேம நிதி) வீட்டு மானியம். 2024 ஆகஸ்ட்டிலிருந்து அதன் உச்சத்தொகை குடும்பத்துக்கு 120,000 வெள்ளி, தனியாக வாங்கும் ஒற்றையருக்கு 60,000 வெள்ளி. குடும்ப வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். மாதம் 9,000 வெள்ளியைத் தாண்டினால் கிடையாது. பலரும் வருமான வரம்பை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போதும் வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கண்ணில் படுவதில்லை. கணவன், மனைவி இருவரில் ஒருவர் அப்படி வேலை பார்த்திருந்தால் போதும். அண்ணன் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். புது வேலையில் சேர்ந்து, மறுபடியும் ஒரு வருடம் காத்திருந்தார்.

ஆகவே, வீடு வாங்கும் எண்ணம் வந்ததும் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். வேலை மாறுவது தவறில்லை. இடைவெளி விழாமல் மாறுங்கள். வாடகைக்கார் ஓட்டுபவர்கள், பொருள் விநியோகம் செய்பவர்கள் வருமான வரிக் கணக்கைச் சரியாக வைத்திருங்கள். வருமானத்தைக் காட்ட வரி மதிப்பீட்டு அறிக்கைதான் கைகொடுக்கும்.

அடுத்தது அவசரம். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், முகவரிடம் பேசி முடித்த பிறகு “மானியம் எவ்வளவு வரும்?” என்று கேட்பவர்கள் நிறைய. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். 2023 மே மாதத்திலிருந்து எச்எஃப்இ கடிதம் என்ற ஒன்று வந்துவிட்டது. வீடு வாங்கத் தகுதி உண்டா, மானியம் எவ்வளவு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன் எவ்வளவு என்ற மூன்றையும் அந்த ஒரே கடிதம் சொல்லிவிடும். அது கையில் இல்லாமல் மறுவிற்பனை வீட்டுக்கு விற்பவரிடமிருந்து ‘வாங்கும் உரிமை’ப் பத்திரத்தைப் பெறக்கூடாது.

மறுவிற்பனை வீட்டுக்கு எல்லா மானியமும் சேர்ந்தால் 230,000 வெள்ளி வரை வரும் என்று கேட்டு மயங்கிவிடாதீர்கள். முதல்முறை வாங்கும் தம்பதி, குறைந்த வருமானம், நாலறை அல்லது அதைவிடச் சிறிய வீடு, பெற்றோரோடு சேர்ந்து குடியிருப்பது என்று எல்லாம் பொருந்தி வந்தால்தான் அந்தத் தொகை. பெற்றோரோடு சேர்ந்து இருப்பதற்கான பங்கு 30,000 வெள்ளி; சேர்ந்து இருக்காமல் அவர்கள் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் அது 20,000தான். வாங்குபவருக்கு 95 வயதாகும்வரை வீட்டின் குத்தகை (அதை வைத்திருக்க உரிமையுள்ள காலம்) மிச்சம் இல்லையென்றால் மேம்படுத்தப்பட்ட மானியமும் குறையும். விலை மலிவாக இருக்கிறதே என்று பழைய வீட்டைத் தேடுபவர்கள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

இன்னொன்று, மானியம் கையில் தரும் காசு அல்ல. அது மசேநி சாதாரணக் கணக்குக்குப் போய் வீட்டு விலையில் கழியும். வீட்டின் மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் தொகையை ரொக்கமாக நீங்கள்தான் தர வேண்டும். பிறகு வீட்டை விற்கும்போது, எடுத்த மசேநி பணமும் மானியமும் வட்டியோடு உங்கள் மசேநிக்கே திரும்பும். சாதாரணக் கணக்குக்கு அந்த வட்டி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. உங்கள் பணம்தான், எங்கேயும் போகவில்லை. ஆனால் விற்ற பணத்தில் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தைக் கையில் எண்ணலாம் என்று நம்பி அடுத்த செலவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

வீவக வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி என்னிடம் சொல்வது: “ஒரு தடவை வீடு வாங்கி வித்துட்டேன், இனிமே எனக்கு ஒன்னும் கிடைக்காதுக்கா.” இந்த எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. விவாகரத்தாலோ கடனாலோ வீட்டை இழந்து, சின்னப் பிள்ளைகளோடு வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களுக்கென்றே ‘ஃபிரெஷ் ஸ்டார்ட்’ வீட்டுத் திட்டம் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதன் மானியம் 75,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. இதுவரை வீடே வாங்காத வாடகை வீட்டுக் குடும்பங்களுக்கும் அதைத் திறந்துவிட்டார்கள். குறைந்த குத்தகைக் காலமுள்ள வீடு என்பதால் விலையும் எட்டக்கூடியதாக இருக்கும். 20 ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. பிள்ளைகள் ஒரே முகவரியில் வளர்ந்து ஆளாவார்கள் என்பதால் எனக்கு அது கட்டுப்பாடாகத் தெரியவில்லை.

அதேபோல், வீட்டை விற்றதும் வாடகை வீடு கிடைத்துவிடும் என்று எண்ணி விற்றுவிடாதீர்கள். விற்று 30 மாதம் ஆகாதவர்களுக்கு வீவக வாடகை வீடு பொதுவாகக் கிடைக்காது. மாத வருமானம் 1,500 வெள்ளி என்ற வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது என்பதற்காக விண்ணப்பிக்காமலும் இருந்துவிடாதீர்கள். குடும்பத்தின் நிலையைப் பார்த்தும் முடிவெடுக்கிறார்கள். பக்கத்துக் குடும்ப சேவை நிலையத்திலோ சமூக சேவை அலுவலகத்திலோ ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, வீட்டில் 65 வயதைத் தொட்ட பெரியவர்கள் இருந்தால் குளியலறைக் கைப்பிடிக்கு நீங்களே ஆள் பிடித்துச் செலவு செய்துவிடாதீர்கள். முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றித்தரும் ‘ஈஸ்’ திட்டத்தில் மூவறை வீட்டுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கமே தருகிறது. சொந்தமாகச் செய்துவிட்டு ரசீதைக் கொண்டுபோனால் பணம் திரும்பாது. எங்கள் அம்மாவின் வீட்டுக்கு நான் அப்படித்தான் முதலில் ஆளைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் விண்ணப்பம் போட்டோம்.