கணினியில் ஒளிந்திருக்கும் கிரிப்டோ மைனரைப் பிடித்து வேரோடு பிடுங்குவது எப்படி

கணினியைச் சும்மா விட்டுவிட்டு எழுந்து போனால் அஞ்சு நிமிஷத்தில் ஃபேன் இரைகிறது, திரும்பி வந்து மவுஸைத் தொட்டால் சத்தம் அடங்கிவிடுகிறது. இப்படி அடிக்கடி நடந்தால் உள்ளே எவனோ ஒரு கிரிப்டோ மைனரை, அதாவது உங்கள் கணினியை உழைக்கவைத்து டிஜிட்டல் காயின் சம்பாதிக்கும் புரோகிராமை ஒளித்துவைத்து, உங்கள் கரண்டில் காயின் எடுத்துக்கொண்டிருக்கிறானா என்று பார்த்தே ஆகவேண்டும்.

அதற்கு முன்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட், சர்ச் இண்டெக்ஸிங், ஆன்டிவைரஸ் ஸ்கேன் எல்லாமே ஆள் இல்லாத நேரம் பார்த்து ஓடுபவைதான். சிபியு வேலையே செய்யாமல் ஃபேன் மட்டும் கத்தினால் அது தூசு, இல்லையென்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. பிரவுசரை மூடினால் எல்லாம் சரியாகிறதா? அப்படியானால் ஏதோ ஒரு டேப் அல்லது எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி, அதைத் தூக்கினால் வேலை முடிந்தது. வெப்சைட் வழியாக மைனிங் செய்வதைப் பிரபலமாக்கிய காயின்ஹைவ் 2017-ல் வந்து 2019 மார்ச்சிலேயே கடையை மூடிவிட்டது, இப்போது பெரிய தொல்லை கணினிக்குள் இன்ஸ்டால் ஆகும் வகைதான்.

இவர்கள் எடுப்பது பெரும்பாலும் மொனேரோ, பிட்காயின் மாதிரி இன்னொரு டிஜிட்டல் காயின். பிட்காயினுக்கு அதற்கென்றே செய்த மெஷின் வேண்டும், வீட்டுக் கணினியால் ஒன்றும் தேறாது. மொனேரோ 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறியது, அது சாதாரண சிபியுவில் நன்றாக ஓடும்படி வடிவமைக்கப்பட்டது, முழு வேகத்தில் ஓட 2 ஜிபிக்கு மேல் ராம் கேட்கும். ஆகவே சிபியுவை மட்டும் பார்க்காதீர்கள், பெயர் தெரியாத ஒரு புராசஸ் 2 ஜிபி ராமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் துப்புதான்.

எங்கிருந்து வருகிறது? கிராக் செய்த கேம், ஆக்டிவேட்டர், டோரண்டில் எடுத்த டிசைன் சாஃப்ட்வேர், 'இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க' என்று கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். கிராக் கேம்கள் வழியாகப் பரவிய கிராகோனோஷ் என்ற மைனர் பற்றி ஆன்டிவைரஸ் கம்பெனியான அவாஸ்ட் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி 2,22,000 கணினிகள் மாட்டியிருந்தன, அதைப் பரப்பியவன் எடுத்தது சுமார் 20 லட்சம் டாலர். வகுத்துப் பாருங்கள், ஒரு கணினிக்கு 9 டாலர்தான் வரும். உங்கள் பக்கத்துக் கணக்கு வேறு: சிபியு கூடுதலாக 65 வாட்ஸ் இழுத்துக்கொண்டு தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் கிட்டத்தட்ட 20 யூனிட், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் 40.

சரி, பிடிப்போம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். நல்ல மைனர் டாஸ்க் மேனேஜர் திறந்த உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும், மூடியதும் மறுபடி கிளம்பும். திறந்த முதல் நொடியில் சிபியு 90, 100 சதவீதம் என்று காட்டிவிட்டு சடாரென்று கீழே விழுகிறதா, கூடவே ஃபேன் சத்தமும் குறைகிறதா என்று கவனியுங்கள். அதைவிட நம்பகமான வழி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு சென்சார் புரோகிராமை ஓடவிட்டு அரை மணி நேரம் கணினியைத் தொடாமல் இருப்பது. திரும்பி வந்து ஆவரேஜ், மேக்ஸிமம் என்ற இரண்டு நெடுவரிசைகளை மட்டும் பாருங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் சிபியு சராசரி 60, 70 சதவீதம் ஓடியிருந்தால், அந்த நேரத்தில் அப்டேட்டோ ஸ்கேனோ நடக்கவில்லை என்றால், சந்தேகம் வலுவாகிவிட்டது.

யார் என்று கண்டுபிடிக்க, ஓடும் புராசஸ்களை டாஸ்க் மேனேஜரைவிட விவரமாகக் காட்டும் மைக்ரோசாஃப்டின் புராசஸ் எக்ஸ்ப்ளோரர் போதும், இலவசம். ஃபைல் பெயரை மாற்றி வைத்துத் திறங்கள், ஏனென்றால் பெயரைப் பார்த்து ஒளியும் மைனர்களும் உண்டு. அதில் ஆப்ஷன்ஸ் மெனுவில் வைரஸ்டோட்டல் (ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களிடம் காட்டிக் கேட்கும் தளம்) சோதனையை ஆன் செய்துகொள்ளலாம். பெயரை நம்பவே நம்பாதீர்கள், நோட்பேட், எக்ஸ்ப்ளோரர், எஸ்விசிஹோஸ்ட் என்று எதற்குள்ளும் மைனர் புகுந்துகொள்ளும். எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது, யார் அதைக் கிளப்பியது, கமாண்ட் லைனில், அதாவது அதைக் கிளப்பிய கட்டளை வரியில், என்ன இருக்கிறது என்று பாருங்கள். திரையில் ஜன்னலே இல்லாத ஒரு நோட்பேட் பாதி சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கமாண்ட் லைனில் 4 அல்லது 8-ல் தொடங்கி 95 எழுத்துக்கு நீளும் குப்பை மாதிரி ஒரு வரி இருந்தால் அதுதான் அவனுடைய மொனேரோ முகவரி.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். புராசஸைக் கொன்று, ஃபைலை டெலிட் செய்து, அடுத்த நாள் காலையில் அதே ஃபைல் அதே இடத்தில் இருப்பதைப் பார்க்கிறார்கள். மைனர் ஃபைல் வெறும் கூலியாள், அதைத் திரும்பத் திரும்ப அனுப்புகிற ஏற்பாடு வேறு எங்கோ இருக்கிறது, அதைத்தான் முதலில் உடைக்கவேண்டும்.

தேவையான டூல்களை வேறு ஒரு சுத்தமான கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள்: புராசஸ் எக்ஸ்ப்ளோரர், கணினியில் தானாகக் கிளம்பும் எல்லாவற்றையும் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ், வைரஸ் தேடும் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். கடைசியாகச் சொன்னது இறக்கிய பத்து நாளில் காலாவதியாகும், பழசை எடுத்துவராதீர்கள். பாதிக்கப்பட்ட கணினியில் நெட்டைத் துண்டியுங்கள். வைரஸ்டோட்டல் சோதனைக்கு நெட் வேண்டும் என்பதால் அதை இதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதல் வேலை விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறப்பது, ஸ்கேன் தொடாமல் விடவேண்டிய இடங்களின் பட்டியல் அது. வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அப்புறம் கீழே போனால் இருக்கும். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால் (முழு சி டிரைவையே சேர்த்து வைத்திருப்பதும் உண்டு) நீக்கிவிடுங்கள், ஆனால் பெயரைக் குறித்துக்கொண்டு நீக்குங்கள், மைனர் குடியிருக்கும் இடத்தை அவனே எழுதிக்கொடுத்த மாதிரி அது. இதைச் செய்யாமல் எத்தனை தடவை ஸ்கேன் போட்டாலும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அந்தப் பக்கம் திரும்பாது. சொந்த வீட்டுக் கணினியில் 'இந்த செட்டிங்கை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்' என்று வந்தால் யாரோ பாலிசியை மாற்றியிருக்கிறார்கள். மூலையில் பச்சை டிக் இருக்கிறதே என்றும் ஆறுதல் அடையாதீர்கள், கிராகோனோஷ் அந்த ஐகானையே போலியாக வைத்தது.

சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அங்கே ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஆன்டிவைரஸ் கம்பெனி தளங்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தால், அந்தத் தளங்கள் உங்களுக்கு ஏன் திறக்கவில்லை என்று புரிந்துவிடும். அந்த வரிகளை அழியுங்கள்.

இப்போது புராசஸ். ஒன்றைக் கொன்றால் இன்னொன்று உடனே அதை எழுப்பும்படி சில மைனர்கள் ஜோடியாக ஓடும். ஆகவே கில் செய்யாமல் முதலில் புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் இரண்டையும் சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்யுங்கள், பிறகு இரண்டையும் கில் செய்யுங்கள். அப்புறம் ஆட்டோரன்ஸை அட்மினாகத் திறந்து, மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்து, சிக்னேச்சர் சோதனையை ஆன் செய்யுங்கள். லாகான், ஷெட்யூல்ட் டாஸ்க்ஸ், சர்வீஸஸ், டிரைவர்ஸ், டபிள்யூஎம்ஐ என்ற டேப்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டபிள்யூஎம்ஐ விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு நிர்வாக வசதி, அந்த டேபை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, வீட்டுக் கணினியில் அது பெரும்பாலும் காலியாகவே இருக்கும், எதாவது ஸ்கிரிப்ட் அங்கே உட்கார்ந்திருந்தால் விசாரிக்கவும். ஷெட்யூல்ட் டாஸ்க்கில் கூகுள் அப்டேட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆப்டேட்டாவிலோ புரோகிராம்டேட்டாவிலோ இருக்கும் புரியாத ஃபைலை ஓட்டுகிறதா, பவர்ஷெல்லை நீண்ட குழப்ப எழுத்துகளோடு கூப்பிடுகிறதா என்று பாருங்கள். சந்தேகமானதை உடனே டெலிட் செய்யாமல் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், எதுவும் கெடவில்லை என்றால் நீக்குங்கள். மஞ்சள் நிற வரிகள் ஃபைலே இல்லாத பழைய மிச்சம், பயப்பட ஒன்றுமில்லை.

வின்ரிங்0 என்ற டிரைவரை டிஃபெண்டர் காட்டினால் மட்டும் கொஞ்சம் நிதானம். எக்ஸ்எம்ரிக் மைனர் அதைப் பயன்படுத்தும், உண்மைதான், ஆனால் ஃபேன் கண்ட்ரோல் செய்யும் நல்ல சாஃப்ட்வேர்களும் பயன்படுத்தியிருக்கின்றன.

கடைசியாக ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும், சுமார் 15 நிமிஷம் ஆகும். அது முடிந்ததும் சேஃப்டி ஸ்கேனரில் ஃபுல் ஸ்கேன். பிறகு விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா, ஸ்லீப் செட்டிங் பழையபடி இருக்கிறதா என்று சரிபாருங்கள், இரண்டையும் அணைத்து வைக்கும் மைனர்கள் உண்டு. மறுபடி அந்த அரை மணி நேர சென்சார் சோதனை.

மைனரோடு சேர்த்து பாஸ்வேர்டு திருடும் புரோகிராமும் வந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்தோ ஃபோனிலிருந்தோ மாற்றிவிடுங்கள், திறந்திருக்கும் எல்லா லாகின்களையும் வெளியேற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திரும்பி வந்தால் நேரத்தை வீணாக்காமல் ஃபார்மட் செய்யுங்கள், என்னைக் கேட்டால் ஆபீஸ் கணக்கு வைத்திருக்கும் கணினி என்றால் முதலிலேயே அதுதான். ஆனால் கடையில் கொடுத்தால் சி டிரைவை மட்டும் அடித்துக் கொடுப்பார்கள். டி டிரைவில் 'சாஃப்ட்வேர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்குமே, எல்லாவற்றுக்கும் காரணமான அந்த செட்டப் ஃபைல் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும். விண்டோஸ் புதிதாக ஏறிய கையோடு, எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால், அந்த ஃபோல்டரை ஷிஃப்ட் டெலிட்.