கையைக் கடிக்காத செலவில் ஆடாத பட்டறை மேசை

இழைப்புளியைத் தள்ளும்போது மேசையும் கூடவே நகருமானால், எவ்வளவு உயர்ந்த மரம் வாங்கியும் பயனில்லை. மேசையை ஆடாமல் நிறுத்துபவை அதன் எடையும், கால்களும் சட்டங்களும் கூடும் மூட்டுகளுமே. ஆகவே கையிலிருக்கும் பணத்தை முதலில் கால்களுக்கும் போல்ட்டுகளுக்கும் ஒதுக்கிவிட வேண்டும்; சிக்கனத்தை மற்றவற்றில் பார்க்கலாம்.

சென்னையில் வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பக்கங்களில் மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) கொண்ட பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்குக் கட்டைகள் கால்களுக்கு மிகவும் ஏற்றவை. பல்லாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் சுவருக்குள் புதைந்திருந்த முனையைத் திருப்புளியால் குத்திப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. கரையானும் உளுப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். உளுத்த பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டு, மூன்றுக்கு மூன்று அங்குலக் கால்கள் நான்கு தேறுமா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டினால், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகள் தெரிந்துவிடும். பழைய மரம் அமையாவிட்டால் வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் நன்கு காய்ந்த நாட்டு மரம் கேட்கலாம். சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டுகளைப் பிரித்தெடுத்த பேலட் பலகைகள் மலிவானவை, ஆயினும் ‘எம்.பி.’ முத்திரை இருந்தால், அது மெத்தில் புரோமைடு நச்சுப்புகை இட்ட மரம் என்று பொருள். ‘எச்.டி.’ என்பது வெப்பத்தால் பதப்படுத்தியது. அதையே எடுக்க வேண்டும்.

மேசை ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் இருந்தால் போதும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு எட்டும் உயரமே இழைப்பு வேலைக்கு ஏற்றது.

முன்கால் ஒன்றையும் பின்கால் ஒன்றையும் மேலும் கீழும் குறுக்குச் சட்டங்களால் பசையிட்டு இணைத்து, இரு பக்கச் சட்டகங்களை முதலில் முடித்துவிடுங்கள். இழைக்கும் விசை முழுவதும் நீளவாக்கில் தாக்குவதால், அவ்விரண்டையும் சேர்க்கும் நீளச் சட்டங்கள்தாம் இந்த மேசையின் உயிர். அவை ஒன்றரை அங்குலக் கனமும் ஐந்து அங்குல அகலமும் உடையனவாக இருக்கட்டும். காலின் உட்புறத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி, அதாவது சட்டம் உட்காரும் பள்ளம், வெட்டி, சட்டத்தை அதில் தட்டினால்தான் இறங்கும் அளவுக்கு இறுக்கமாகப் பொருத்த வேண்டும். அப்போது தள்ளும் விசையைக் காடியின் விளிம்பே தாங்கிக்கொள்ளும். மூட்டுக்கு இரண்டு வீதம் மூலைவாட்டில் போடும் 10 மி.மீ. போல்ட்டுகள், சட்டம் காடியை விட்டு விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும். காடி தளர்ந்திருந்தால் எத்தனை போல்ட் போட்டாலும் ஆட்டம் நிற்காது. போல்ட் தலைகளைக் குழிவெட்டிப் புதைத்து, நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் இடுங்கள். குறுகலான மாடிப்படிகளில் மேசையைக் கழற்றி ஏற்றவும் இந்த அமைப்பு உதவும்.

மேற்பலகைக்கு எட்டுக்கு நான்கடி அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஒன்றே போதும். ஐந்துக்கு இரண்டடித் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, அடியிலிருந்து 30 மி.மீ. திருகாணிகளை முடுக்குங்கள், மேலிருந்து முடுக்கினால் என்றாவது ஒருநாள் உளி அதில் படும். எஞ்சும் மூன்றடித் துண்டு ஒன்றைக் கீழ்ச் சட்டங்களின் மேல் தட்டாகப் போட்டுக் கருவிகளை அடுக்கினால் எடையும் கூடும். சென்ட்ரிங் வேலையில் கழித்த பலகை மலிவாகக் கிடைத்தாலும், அதில் ஊறிய எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது.

மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். மேசையின் இடது ஓரத்தில் ஒரு முட்டுக்கட்டையும், கையில் இரண்டு சி கிளாம்பும் இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

கடற்காற்று உள்ள பகுதி என்பதால் துத்தநாகம் பூசிய போல்ட்டுகளே நல்லவை. மழைநீர் புகும் தரைத்தளமானால் கால்களின் அடிமுனை நீரை உறிஞ்சும். அங்கே இரண்டு கை பெயிண்ட் பூசி, ரப்பர் துண்டு வைத்து ஆணியடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊறி, தை பிறந்த பின் காய்ந்து சுருங்கும்; அப்போது ஒருமுறை எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் இறுக்கிவிடுங்கள்.