ஒரு கல்வி மாவட்டத்தின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்களைப் பிரித்து மேய்வது எப்படி?

ரிசல்ட் வந்த அடுத்த வாரம் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரையில் பள்ளிப் பட்டியல். சதவீதம் குறைந்த பள்ளிகளுக்குச் சிவப்பு வண்ணம். அந்தப் பள்ளி எச்.எம். எழுந்து நிற்க வேண்டும்.

"ஏன் சார் குறைஞ்சுது?"

"மெல்லக் கற்போர் அதிகம் சார்."

"அடுத்த வருஷம் நூறு வரணும்."

"சரிங்க சார்."

பகுப்பாய்வு இதோடு முடிந்தது. அடுத்த பள்ளி.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்ற ஒரே தகுதியில் எங்கள் கல்வி மாவட்டத்துக்கான ஷீட் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு வருடம் தப்பும் தவறுமாகச் செய்தேன். மூன்றாம் வருடம்தான் பள்ளிகளுக்குப் பயன்படும்படி ஏதோ ஒன்று கையில் வந்தது. புதிதாக இந்த வேலை தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிவட் டேபிள், விலுக்கப் இரண்டும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் யூடியூபில் தமிழிலேயே அரை மணி நேர வீடியோக்கள் கிடக்கின்றன, பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: தேர்ச்சி சதவீதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

எட்டுப் பேர் எழுதிய பள்ளியில் ஒரு பிள்ளை ஃபெயில் ஆனால் 87.5. இருநூறு பேர் எழுதிய பள்ளியில் பத்துப் பேர் ஃபெயில் ஆனால் 95. சிவப்பு யாருக்கு விழும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் அந்தச் சின்னப் பள்ளியில் எட்டுப் பேரும் பாஸானால் "நூறு சதவீதம்" என்று பொன்னாடை போர்த்துவார்கள். இரண்டு வருடத்திலும் அங்கே பாடம் நடந்த விதம் ஒன்றேதான்.

பழைய வருடங்களோடு கோடு போட்டுப் பார்க்கும் ஆசையும் வரும். மாநிலத் தேர்ச்சி 2019-இல் 95.2, 2022-இல் 90.07. நடுவில் 2020, 2021 இரண்டு வருடமும் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். 2022-இல் எழுதிய பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பின் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்தக் கோட்டை வைத்து எந்த ஆசிரியரைக் கேள்வி கேட்பது?

எனவே ஷீட்டைத் திறக்கும் முன் ஒரு கேள்வியைத் தாளில் எழுதுங்கள். என்னுடைய கேள்வி இது: "கணக்கில் 35-ஐத் தொடாத பிள்ளைகள் வினாத்தாளில் எந்த இடத்தில் மதிப்பெண்ணை விடுகிறார்கள்?"

படி 2: தரவு வாங்குவது

வாட்ஸ்அப்பில் மதிப்பெண் பதிவேட்டின் போட்டோவை வாங்காதீர்கள். எல்லா எச்.எம்.களுக்கும் ஒரே கூகுள் ஷீட்டைத் திறந்துவிடவும் வேண்டாம். ஒருவர் தன் பள்ளியை மேலே கொண்டுவருவதற்காக ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் சார்ட் செய்தார். எந்தப் பிள்ளையின் மதிப்பெண் எந்தப் பிள்ளைக்குப் போனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனி, ஞாயிறு போனது. பள்ளிக்கு ஒரு தனி ஃபைல், பூட்டிய தலைப்புகளோடு. அவ்வளவுதான்.

பெயர், சாதி, செல்போன் எண் நெடுவரிசைகளை முதலிலேயே நீக்கிவிடுங்கள். அந்த ஃபைல் எத்தனை குரூப்புக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படி 3: எமிஸ் எண் (நான் குப்புற விழுந்த இடம்)

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அரையாண்டு மதிப்பெண்ணையும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணையும் ஒரே பிள்ளைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பெயரை வைத்து இணைக்க முடியாது. ஒரு பட்டியலில் கார்த்திகா, இன்னொன்றில் கார்த்திக்கா, மூன்றாவதில் இனிஷியல் முன்னால். எனவே எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள தனி எண்) வைத்துத்தான் இணைக்க வேண்டும். அது 16 இலக்கம்.

எக்செல்லுக்கு 15 இலக்கம் வரைதான் நினைவிருக்கும். பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. நுழைந்த எண் 3.3இ+15 என்கிற மாதிரி சுருங்கித் தெரியும், நாமும் கட்டத்தை அகலப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்போம். சரியாகாது. ஒரே பள்ளியில் அடுத்தடுத்துச் சேர்ந்த பிள்ளைகளின் எண்கள் கடைசி இலக்கத்தில்தான் வேறுபடும். அது பூஜ்யமானதும் பத்துப் பிள்ளைகள் வரை ஒரே பிள்ளை ஆகிவிடுவார்கள். விலுக்கப் முதலில் கண்ட மதிப்பெண்ணை எடுத்து எல்லோருக்கும் ஒட்டும்.

முதல் வருடம் நான் கொடுத்த ஷீட்டில் ஒரு பள்ளியில் வரிசையாக ஏழு பேருக்கு அரையாண்டுக் கணக்கில் 41. அந்தப் பள்ளி ஆசிரியை போன் செய்து, "சார், என் கிளாஸ்ல ஏழு பேரும் ஒரே பேப்பரைப் பார்த்து எழுதினாங்களா?" என்று கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் ஷீட் மேலே போய்விட்டது.

செய்ய வேண்டியது: எண் உள்ளே வரும்போதே அந்த நெடுவரிசை டெக்ஸ்டாக இருக்க வேண்டும். வந்தபிறகு டெக்ஸ்டாக மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. எமிஸிலிருந்து இறக்கிய சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறக்காதீர்கள். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்கில்தான் திறக்கிறேன். திறக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று அது கேட்கும், அங்கேயே டெக்ஸ்ட் என்று சொல்லிவிடலாம். இலவசம் வேறு. எக்செல்தான் வேண்டும் என்பவர்கள் டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்யுங்கள்.

படி 4: துப்புரவு

தேர்வுக்கு வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். "வரவில்லை" என்று எழுத்தில் இருக்கட்டும். தேர்வுக்கே வராத பிள்ளையின் பிரச்சினை வேறு. அதைக் கணக்கு வாத்தியார் தீர்க்க முடியாது. அந்தப் பட்டியலைத் தனியாக எடுத்து வையுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

அறிவியலில் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20 வாங்க வேண்டும். செய்முறையில் 25-ம் எழுத்தில் 18-ம் வாங்கிய பிள்ளையின் மொத்தம் 43, ஆனால் ஃபெயில். நீங்கள் 35-க்கு மேல் எல்லாம் பாஸ் என்று எண்ணினால் கணக்கு உதைக்கும். செய்முறை மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் என்பதால், ஆய்வுக்கு 75-ஐ மட்டும் எடுங்கள்.

படி 5: சராசரி வேண்டாம், அடுக்கு போடுங்கள்

0–19, 20–34, 35–50, 51–75, 76–100. பள்ளி வாரியாக ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை பேர் என்று ஒரு பிவட். கலர் கலராக டாஷ்போர்டு எதுவும் தேவையில்லை. ஏ4 தாளில் அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைக்க முடிகிற அளவே போதும்.

இங்கே ஒரு சபலம் வரும். 20–34 அடுக்கில் உள்ளவர்களை மட்டும் பிடித்து மினிமம் மெட்டீரியலை (பாஸ் மார்க் வாங்க மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பு) மனப்பாடம் செய்ய வைத்தால் சதவீதம் ஏறிவிடும். ஏறும்தான். ஆனால் 0–19-இல் இருக்கும் பிள்ளையை எல்லோரும் கைகழுவிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பத்தாம் வகுப்புப் பாடம் அல்ல, கழித்தலும் வகுத்தலும் பின்னமும்.

படி 6: வினாத்தாளைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது

பொதுத்தேர்விலிருந்து நமக்குக் கிடைப்பது பாட வாரியான மதிப்பெண் மட்டும். எந்த வினாவில் விட்டார்கள் என்று அதில் தெரியாது. எனவே அதே அமைப்பில் நடக்கும் அரையாண்டு, திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கு வினாத்தாளில், சாய்ஸ் போக, விடை எழுத வேண்டியவை: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. ஆக 14+20+50+16. வினாவாரியாக நுழைக்கச் சொன்னால் ஆசிரியர்கள் உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஏதாவது எண்ணைத் தட்டிவிடுவார்கள். நான் கேட்பது பிள்ளைக்கு ஐந்தே எண்கள்: பகுதி ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு 43-ஆம் வினா (செய்முறை வடிவியல்), 44-ஆம் வினா (வரைபடம்). நாற்பது பேர் வகுப்புக்கு ஒரு பீரியட் போதும்.

இந்த ஐந்து எண்ணிலேயே நிறைய தெரியும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 14-இல் சராசரியாக மூன்றரை விழும். எனவே பகுதி ஒன்றில் 3, 4 வாங்கிய பிள்ளைக்கு "கொஞ்சம் தெரியும்" என்று எழுதாதீர்கள். 43-இல் எட்டுக்கு எட்டு வாங்கிவிட்டு இரண்டு மதிப்பெண் பகுதியில் பூஜ்யம் வாங்கும் பிள்ளைக்குக் கை பழகியிருக்கிறது, கணக்கு பழகவில்லை. இரண்டு மதிப்பெண்ணில் நன்றாகச் செய்து ஐந்து மதிப்பெண்ணில் பாதியில் நிற்கும் பிள்ளைக்கு மெட்டீரியல் தேவையே இல்லை, நீளமான கணக்கைக் கடைசி வரி வரை இழுத்துப் போகும் பயிற்சி போதும். மூவரையும் "மெல்லக் கற்போர்" என்று ஒரே அறையில் உட்கார வைத்து மாலை வகுப்பு எடுப்பதைத்தான் இத்தனை வருடம் செய்துகொண்டிருக்கிறோம்.

படி 7: எண்ணை நம்பும் முன் பள்ளிக்குப் போங்கள்

ஒரு பள்ளியில் 44-ஆம் வினாவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பூஜ்யம். மற்ற பகுதிகள் பரவாயில்லை. அந்த ஆசிரியர் வரைபடம் நடத்தவே இல்லை என்று ஷீட் பேசியது. நேரில் போனேன். கட்டிலிருந்து விடைத்தாள்களை எடுத்துப் புரட்டினால், பல தாள்களில் 44 என்று எண் போட்டு அட்டவணை வரை எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. அரையாண்டு அன்று கிராஃப் ஷீட் தீர்ந்துபோய்விட்டது. முன்பெஞ்சில் இருந்த சிலருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. நான் ஷீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் பேசியிருந்தால், வரைபடத்தை ஒழுங்காக நடத்திய ஒருவரை நூறு பேர் முன்னால் நிற்க வைத்திருப்பேன்.

இதனால்தான் தரவரிசைப் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு எச்.எம்.க்கும் அவர் பள்ளியின் ஐந்து எண்கள், பக்கத்தில் கல்வி மாவட்டத்தின் இடைநிலை மதிப்பு. அடுத்த பள்ளி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. எண்ணைச் சாட்டையாகச் சுழற்றினால் எண்ணே பொய் சொல்ல ஆரம்பிக்கும். அமெரிக்காவில் அட்லாண்டா பள்ளி மாவட்டத்தில் 2009 தேர்வு விடைத்தாள்களில் அழித்துத் திருத்தியவை அளவுக்கு மீறி இருந்தன. 2011-இல் வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் முறைகேடு, சம்பந்தப்பட்டவர்கள் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் என்றது. மதிப்பெண் ஏறியதற்காக முன்பு பாராட்டப்பட்ட மாவட்டம் அது.

படி 8: திரும்ப அளப்பது

ஜனவரித் திருப்புதல் தேர்வில் அதே ஐந்து எண்களை மறுபடி வாங்குங்கள். அதே பிள்ளைகள், எமிஸ் எண்ணை வைத்து. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மிகக் கீழே இருந்த பள்ளி நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் கொஞ்சம் மேலே வரும். ஒரு மோசமான நாள் திரும்பத் திரும்ப வராது, அவ்வளவுதான். எனவே நாம் கை வைத்த பள்ளிகளை, ஏறக்குறைய அதே நிலையில் இருந்து நாம் கை வைக்காத பள்ளிகளோடு ஒப்பிடுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்தபோது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அதையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

சேர்க்கை 1: எண்ணை டெக்ஸ்டாக வைத்த பிறகும் "டூப்ளிகேட்" என்று காட்டுகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நானும் சோதித்தேன், உண்மைதான். கவுண்ட்இஃப் ஃபார்முலா டெக்ஸ்டாக இருக்கும் எண்ணையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது, அங்கேயும் பதினாறாவது இலக்கம் கணக்கில் வராது. எமிஸ் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டி இன்னொரு நெடுவரிசை உருவாக்குங்கள். நான் "எ" போடுகிறேன். அதன் பிறகு எக்செல்லுக்கு அது வெறும் எழுத்துக்கோவைதான்.

சேர்க்கை 2: தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நாஸ் (தேசிய அடைவு ஆய்வு) முடிவுகளை வைத்து இதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். உங்கள் பள்ளிக்குச் செய்ய முடியாது. நாஸ் என்பது மாதிரி ஆய்வு, மாவட்டத்தைப் பற்றிச் சொல்லும், உங்கள் மூன்றாம் வகுப்பைப் பற்றிச் சொல்லாது. வருடங்களை ஒப்பிடுவதும் ஆகாது. 2017-இல் சதவீதம், 2021-இல் 500-க்கு மதிப்பெண், 2024 டிசம்பரில் பரக் என்ற பெயரில் நடந்தபோது வகுப்புகளே 3, 6, 9 என்று மாறிவிட்டன. 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு நடந்த மாநில அடைவுத் தேர்வு உங்களுக்கு இதைவிட நெருக்கமானது. அதைப் பார்க்கும்போதும் நான்கு விடை வினாக்களில் 25 சதவீதம் என்பது குருட்டாம்போக்கு என்பதை நினைவில் வையுங்கள். ஒரு வகுப்பு 30 வாங்கியிருந்தால் அந்தத் திறனை முதலிலிருந்து நடத்த வேண்டும்.

இதற்கென நான் செய்த மாதிரி ஷீட்டில் ஐந்து நெடுவரிசைகளும் அடுக்கு பிவட்டும் தயாராக இருக்கின்றன. எமிஸ் எண் நெடுவரிசையை மட்டும் டெக்ஸ்ட் வகையில் பூட்டி வைத்திருக்கிறேன், பூட்டைத் திறக்காதீர்கள்.