நீச்சல்குள ஹீட்டர் வாங்குவது எப்படி: கடையா, ஆன்லைனா, வாரண்டி யார் கையில்?

முதல் ஹீட்டரை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டாவதை, அக்கா வீட்டுக் குளத்துக்காக, டீலரிடம் நேரில் போய் வாங்கினேன். முதலாவதில் நல்ல தொகை மிச்சமானது, சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினான்காவது மாதம் கண்ட்ரோல் போர்டு போனது, மிச்சம் பிடித்ததும் போய் கைக்காசும் போனது. இத்தனைக்கும் வாரண்டி இருந்தது. இருந்தும் ஏன் கைகொடுக்கவில்லை என்பதைப் படி 4-ல் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன், அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம்.

பம்ப், ஃபில்டர் எல்லாம் ஏற்கெனவே ஓடுகிற குளம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: எவ்வளவு பெரியது வேண்டும்?

1000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 1.16 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் பிடிக்கும். அதை 6 டிகிரி ஏற்ற 334 யூனிட். 12 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் (காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மின்கருவி) இதை முடிக்க 28 மணி நேரம், அதுவும் ஒரு துளி வெப்பம்கூட வெளியே போகாவிட்டால். பகலில் 8 மணி நேரம்தான் ஓட்டுவேன் என்றால் நான்கு நாள் ஆகும், இரவில் ஆறுவதையும் சேர்த்தால் இன்னும் கூட. மணிக்கு 4 லட்சம் பிடியூ (ஏறத்தாழ 117 கிலோவாட்) கேஸ் ஹீட்டர் அதே வேலையை நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடும், எரிபொருள் செலவு தனிக் கதை. தினமும் நீந்துகிறவருக்கு ஹீட் பம்ப், எப்போதாவது ஒரு நாள் மட்டும் குளத்தைச் சூடாக்குகிறவருக்கு கேஸ். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். குளத்துக்கு மூடி போடாமல் ஹீட்டர் வாங்கப் போகாதீர்கள். குளம் இழக்கும் வெப்பத்தில் 70 சதவீதம் வரை ஆவியாகித்தான் போகிறது. முதலில் மூடி, அப்புறம் ஹீட்டர்.

படி 2: விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பாமல் ஹீட்டரில் ஒட்டியிருக்கும் விவரப் பிளேட்டைப் படியுங்கள்

ஹீட் பம்ப் விளம்பரங்களில் பெரிதாகப் போட்டிருக்கும் கிலோவாட் கணக்கு, காற்று 26, 27 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருக்கும்போது அளந்தது. அந்த மாதிரி நாளில் குளத்துக்கு ஹீட்டரே தேவைப்படாது! 15 டிகிரியில் எவ்வளவு தரும் என்று இன்னொரு எண் இருக்கும், உங்களுக்கு வேண்டியது அதுதான். ஆன்லைன் பக்கங்களில் பல நேரம் அது இருக்காது, கம்பெனியின் பிடிஎஃப் கையேட்டைத் தேடி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். காற்று 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ஹீட் பம்ப்புகள் திணற ஆரம்பித்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கூடவே வோல்டேஜ், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்ததை இறக்கி மலிவாக விற்பவர்கள் உண்டு. அதை மாட்டி கம்ப்ரஸர் போனால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உப்புத்தண்ணீர்க் குளமாக இருந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (குளத்துத் தண்ணீர் ஓடிச் சூடாகும் உள்பாகம்) டைட்டானியமா அல்லது குப்ரோநிக்கலா (செம்பும் நிக்கலும் கலந்தது) என்று கேளுங்கள், வெறும் செம்பு என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

படி 3: விலையை முழுசாக ஒப்பிடுங்கள்

ஆன்லைன் விலைக்கு எதிரே கடை விலையை மட்டும் எழுதினால் எப்போதும் ஆன்லைன்தான் ஜெயிக்கும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, லாரிக் கட்டணம், வாசலில் இருந்து குளத்தடி வரை தூக்கிக் கொண்டுபோகும் கூலி (லாரிக்காரர் பெரும்பாலும் தெருவோரம் இறக்கிவிட்டுப் போய்விடுவார், பெட்டி நூறு கிலோவுக்கு மேலும் இருக்கலாம்), பிளம்பிங், வயரிங், கேஸ் என்றால் குழாய் மாற்றும் செலவு, கடைசியாகப் பழுது பார்க்க ஒருவர் வந்துபோகும் கூலி, இவ்வளவையும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். நான் அக்காவுக்காக இப்படி எழுதிப் பார்த்தபோது வித்தியாசம் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. அந்தத் தாளையே டீலர் முன்னால் வைத்தேன். அவர் விலையைக் குறைக்கவில்லை, ஆனால் நிறுவும் கூலியை விட்டுக்கொடுத்தார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, ஏன் என்பது கீழே.

படி 4: வாரண்டித் தாளை வாங்குவதற்கு முன்னால் படியுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான்.

போர்டு போனதும் கம்பெனிக்கு போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். வாங்கிய பில், சீரியல் நம்பர், பதிவு செய்த விவரம் எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். "நிறுவியவரின் பில் அனுப்புங்கள், அதில் அவருடைய லைசென்ஸ் எண் இருக்க வேண்டும்" என்றார்கள். நிறுவியவர் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன், நல்ல வேலைக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிக் கொடுத்து, பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பில்லும் கிடையாது ஒன்றும் கிடையாது. வாரண்டித் தாளின் மூன்றாவது பக்கத்தில், உரிமம் பெற்றவர் நிறுவியிருந்தால்தான் செல்லும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. அதை நான் முதன்முதலாகப் படித்தது அன்றைக்குத்தான், அதுவும் அந்தப் பெண் போனில் பக்க எண்ணைச் சொன்ன பிறகு.

ஆகவே ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் தாளை எடுத்துக்கொண்டு இவற்றைத் தேடுங்கள்.

வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது? வாங்கிய தேதியா, நிறுவிய தேதியா, இல்லை தயாரித்த தேதியா? ஆறு மாதம் கிடங்கில் கிடந்த பெட்டி உங்களுக்கு வந்தால் இந்த ஒரு வரியில் ஆறு மாதம் போய்விடும்.

எந்தப் பாகத்துக்கு எத்தனை வருடம்? "10 வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் இருப்பது பல நேரம் டைட்டானியம் குழாய்க்கு மட்டும். அது லேசில் போகிற பொருளும் இல்லை. முதலில் போவது போர்டு, சென்சார், ஃபேன் மோட்டார் மாதிரி சின்ன சாமான்கள், அவற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு வருடம் என்று வேறு வரியில் எழுதியிருப்பார்கள்.

பாகம் மட்டுமா, கூலியும் சேர்த்தா? பாகம் மட்டும் என்றால் ஒரு டப்பாவில் போர்டு வரும், மாட்ட ஆள் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். பழுதான பாகத்தைத் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்பதும் அங்கேயே இருக்கும்.

ஆன்லைனில் வாங்கினால் செல்லுமா? இதை நிறையப் பேர் நம்ப மறுக்கிறார்கள். சில கம்பெனிகள் இணையத்தில் வாங்கியதற்கு வாரண்டி காலத்தையே சுருக்கி எழுதியிருக்கின்றன, சில அடியோடு கிடையாது என்கின்றன. விற்பவர் பக்கத்தில் "முழு கம்பெனி வாரண்டி" என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்பி, மாடல் எண்ணையும் விற்பவர் பெயரையும் போட்டு, "இவரிடம் வாங்கினால் உங்கள் வாரண்டி உண்டா, என் ஊரில் வந்து பழுது பார்ப்பவர் யார்" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும், போனில் சொன்னதெல்லாம் பிறகு எடுபடாது. பதிலே வரவில்லை என்றால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு வேறு கம்பெனியைப் பார்க்கலாம்.

கடையில் வாங்குகிறவர்களும் ரொம்ப நிம்மதியாக இருக்க வேண்டாம். கடைக்காரர் கொடுப்பது கம்பெனி வாரண்டியா, கடையின் சொந்த வாரண்டியா என்று கேளுங்கள். சொந்த வாரண்டி என்றால் கடை இருக்கும்வரைதான்.

படி 5: பெட்டி வந்த அன்றே பிரியுங்கள்

வயரிங் முடியவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக நிறுத்தி வைக்காதீர்கள். லாரிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியைச் சுற்றி வந்து பாருங்கள். மூலை நசுங்கியிருந்தால், ஓட்டை இருந்தால், அந்தத் தாளிலேயே "பெட்டி சேதம்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவருக்கு அவசரமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வெறும் கையெழுத்து மட்டும் போட்டால் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். பிறகு உள்ளே அலுமினிய ஃபின்கள் மடங்கிக் கிடந்தாலும் வாதாடுவது கஷ்டம், வெளியே தெரியாத சேதத்தைச் சொல்வதற்கும் சில நாள்தான் கெடு கொடுப்பார்கள். சீரியல் நம்பர் பிளேட்டை அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள். சுவரோரம் மாட்டிய பிறகு அந்தப் பிளேட் பல நேரம் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நிற்கும்! நான் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துப் படித்திருக்கிறேன்.

படி 6: நிறுவுவது

உரிமம் உள்ளவர், பில், பில்லில் தேதி, மாடல், சீரியல் நம்பர், அவருடைய லைசென்ஸ் எண். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டீலர் நிறுவும் கூலியை விட்டுக்கொடுத்தபோதும், தொகை பூஜ்யம் என்று போட்டாவது பில் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

குழாய் வரிசையை மட்டும் நீங்களே நின்று பாருங்கள்: பம்ப், ஃபில்டர், ஹீட்டர், கடைசியில்தான் குளோரின் போடும் கருவி, ஹீட்டருக்கும் அதற்கும் நடுவில் ஒரு செக் வால்வு (தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வு). ஸ்கிம்மர் கூடையில் (குளத்து ஓரத்தில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் கூடை) குளோரின் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டிரைக்ளோர் என்ற வகைக் குளோரின் மாத்திரை கரைந்த தண்ணீர் கடும் அமிலம். ராத்திரி பம்ப் நின்றிருக்கும்போது மாத்திரை கரைந்துகொண்டே இருக்கும், காலையில் பம்ப் ஓடியதும் அந்த முதல் மடக்கு நேராக ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும். செம்பு அரித்துவிடும். "தண்ணீர் ரசாயனத்தால் ஏற்பட்ட சேதம்" வாரண்டியில் சேராது என்று அநேகமாக எல்லாத் தாளிலும் பார்க்கலாம். பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் காகிதப் பட்டைகளைவிடச் சொட்டு விட்டுப் பார்க்கும் கிட்தான் எனக்குப் பிடிக்கும். பட்டையில் அந்த ஆரஞ்சுக்கும் இந்த ஆரஞ்சுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் கண் வலிக்கிறது.

படி 7: பதிவு

நிறுவிய அன்றே கம்பெனி தளத்தில் பதிவு செய்து, உறுதி செய்து வரும் மின்னஞ்சலை பில்களோடு ஒரே இடத்தில் வையுங்கள். பதிவுக்குக் கெடு வைக்கும் கம்பெனிகள் உண்டு.

அப்படியானால் ஆன்லைனில் வாங்கவே கூடாதா என்றால், நான் இன்றும் வாங்குகிறேன். மூடி, வால்வு, டெஸ்ட் கிட் எல்லாம் ஆன்லைன்தான். ஹீட்டர் மட்டும், பழுதானால் வருகிறவரிடமே வாங்குகிறேன். உங்கள் பக்கம் டீலரே இல்லை என்றால், கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டால், உரிமம் உள்ள ஒருவர் "வேறு இடத்தில் வாங்கினாலும் மாட்டித் தருகிறேன்" என்று முன்கூட்டியே சொன்னால், தாராளமாக ஆன்லைனில் வாங்கலாம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், பலர் தாங்கள் விற்காத ஹீட்டரைத் தொட மாட்டார்கள்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், புதுசு என்று வாங்கிய ஹீட்டரைப் பதியப் போனால் அந்த சீரியல் நம்பர் ஏற்கெனவே பதிவாகியிருப்பதாக வருகிறது என்று எழுதியிருந்தார். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததை மறுபடி பெட்டி கட்டி விற்றிருக்கிறார்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பதிவு செய்ததால் தப்பித்தார். படி 7-ஐ நிறுவும்வரை தள்ளாமல் பெட்டி வந்த அன்றே முயற்சி செய்து பார்க்கலாம், நிறுவிய தேதியையும் கேட்கும் கம்பெனி என்றால் அவர்களைக் கூப்பிட்டு சீரியல் நம்பர் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டுமாவது கேளுங்கள்.

இன்னொருவருடையது படுக்கவைத்துக் கொண்டுவந்த ஹீட் பம்ப். கம்ப்ரஸர் எண்ணெய் இடம் மாறியிருக்கும், நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டு அப்புறம் ஓட்டுங்கள், பெட்டியில் "இந்தப் பக்கம் மேலே" என்று போட்டிருந்தால் அதையும் லாரித் தாளில் எழுதுங்கள்.

அடியில் தண்ணீர் சொட்டுகிறது, வாரண்டியில் ஆளைக் கூப்பிடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பொறுங்கள். பழுதே இல்லாமல் கூப்பிட்டால் வந்துபோன கூலி உங்களுடையது. சொட்டும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அதே சொட்டு கிட்டில் குளோரின் பாருங்கள். குளோரின் இல்லை என்றால் ஏசியில் வடிவதுபோல காற்றின் ஈரம்தான், ஹீட் பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறது. குளோரின் நிறம் வந்தால் குளத்துத் தண்ணீர் கசிகிறது, அப்போது கூப்பிடுங்கள், அந்த டம்ளரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு.