ஒரு கோளின் ஒரு நாள் எவ்வளவு நீளம்? அளந்தும் கணக்கிட்டும் பார்க்கும் முறை

ஒரு கோள் தன் அச்சில் ஒருமுறை சுழல எடுக்கும் நேரமும், அங்கே ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை ஆகும் நேரமும் ஒன்றல்ல. பூமியில் இந்த வித்தியாசம் 4 நிமிடத்துக்குள் அடங்கிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. புதனில் அது 117 பூமி நாள்! பல அட்டவணைகள் ‘நாள்’ என்று எழுதிவிட்டு, இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடுவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் பூமியை அளந்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போவோம்.

படி 1: பூமியின் சுழற்சியை ஒரு நட்சத்திரத்தை வைத்து அளப்பது

தேவையானவை: நொடி காட்டும் கடிகாரம், செங்குத்தான கூர்மையான விளிம்புள்ள ஒரு கட்டடம், உங்கள் கண்ணை ஒவ்வொரு இரவும் அதே இடத்தில் வைக்க ஏதாவது ஒரு தாங்கல். தொலைநோக்கி வேண்டாம்.

ஒரு பிரகாசமான நட்சத்திரம் விளிம்புக்குப் பின்னால் மறையும் நேரத்தை நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரவு அதே நட்சத்திரம், அதே விளிம்பு, அதே கண். சுமார் 3 நிமிடம் 56 நொடி முன்னதாகவே மறைந்திருக்கும். 24 மணியிலிருந்து இதைக் கழித்தால் 23 மணி 56 நிமிடம் 4 நொடி. பூமி ஒருமுறை முழுதாகச் சுழல ஆகும் நேரம் இதுதான்.

பிழை வரும் இடங்கள் மூன்று. முதலாவது, கண் நகர்வது. விளிம்பு 20 மீட்டர் தூரத்தில் இருந்து, தலை 1 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே கிட்டத்தட்ட 7 நொடி பிசகும். 100 மீட்டர் தூர விளிம்பானால் அதே நகர்வுக்குப் பிழை ஒன்றரை நொடிக்கும் குறைவு. இரண்டாவது, தவறான நட்சத்திரம். துருவ நட்சத்திரத்துக்கு அருகில் உள்ளவை மெதுவாக ஊரும். மறையும் கணம் தெளிவாகக் கிடைக்காது. ஓரியனின் இடுப்புப் பட்டை நட்சத்திரங்களோ சித்திரையோ நல்ல தேர்வு. மூன்றாவது, நட்சத்திரம் என்று நினைத்துக் கோளைப் பிடித்துவிடுவது. நட்சத்திரம் ஒரு புள்ளி என்பதால் சட்டென்று அணையும். பிரகாசமான கோள் சற்றே மங்கி மறையும். தவிர, கோள் இரவுக்கு இரவு இடம் மாறுவதால் கணக்கே கெட்டுவிடும்.

ஒரே இரவு வித்தியாசத்தை நம்புவதைவிட 10 இரவு இடைவெளி விட்டு அளந்து பத்தால் வகுங்கள். மொத்த வித்தியாசம் 39 நிமிடம் 19 நொடிக்கு அருகில் வர வேண்டும். கண்ணால் வந்த பிழையும் பத்தில் ஒன்றாகிவிடும்.

படி 2: அந்த 4 நிமிடம் எங்கே போனது?

அறையின் நடுவில் ஒரு விளக்கை வையுங்கள். அது சூரியன். ஏதாவது ஒரு சுவரைப் பார்த்தபடி, உடம்பைத் திருப்பாமல், விளக்கை ஒருமுறை சுற்றி நடங்கள். நீங்கள் சுழலவே இல்லை. ஆனாலும் விளக்கு உங்கள் முன்புறம், பக்கம், பின்புறம், மறுபக்கம் என்று ஒரு முழு வட்டம் போய்விட்டது. ஆக, சூரியனைச் சுற்றுவதே தனியாக ஒரு நாளைத் தருகிறது, அதுவும் எதிர்த்திசையில். அடுத்த முறை விளக்கையே பார்த்துக்கொண்டு சுற்றுங்கள். இப்போது ஒரு சுழற்சி செய்திருக்கிறீர்கள். விளக்கோ முகத்துக்கு நேரே நின்றுவிட்டது. நாள் பூஜ்ஜியம்.

இதை அவசரப்படாமல் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். இது புரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை: ஓர் ஆண்டில் உள்ள நாள்களின் எண்ணிக்கை, அந்த ஆண்டில் நடந்த சுழற்சிகளில் ஒன்று குறைவு. பூமி ஆண்டுக்கு 366¼ முறை சுழல்கிறது. நமக்குக் கிடைப்பது 365¼ நாள்.

படி 3: மற்ற கோள்களுக்குக் கணக்கு

கோளின் ஆண்டைச் சுழற்சிக் காலத்தால் வகுங்கள். வந்ததில் ஒன்றைக் கழியுங்கள். ஆண்டை அந்த விடையால் மீண்டும் வகுத்தால் நாளின் நீளம். எல்லா எண்களும் பூமி நாளில் இருக்க வேண்டும். ஒன்று மணியிலும் மற்றொன்று நாளிலும் இருந்தால் விடை தாறுமாறாகும்.

புதன்: 87.969 ÷ 58.646 = 1.5. ஒன்றைக் கழித்தால் 0.5. 87.969 ÷ 0.5 = 175.94 நாள். புதனின் ஒரு நாள் அதன் இரண்டு ஆண்டுக்குச் சமம்! அந்த 1.5 தற்செயல் அல்ல; சூரியனின் ஈர்ப்பு புதனை, இரண்டு சுற்றுக்கு மூன்று சுழற்சி என்ற தாளத்தில் பூட்டி வைத்திருக்கிறது. 1965இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து ரேடார் அளவீடு வரும்வரை, புதன் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டுகிறது என்றே வானியலாளர்கள் நம்பியிருந்தார்கள்.

வெள்ளி: 224.70 ÷ 243.02 = 0.9246. வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால் இதைக் கழித்தல் குறியோடு எடுக்க வேண்டும்: −0.9246 − 1 = −1.9246. 224.70ஐ 1.9246ஆல் வகுத்தால் 116.75 நாள். கழித்தல் குறிக்குப் பொருள், சூரியன் மேற்கில் உதிக்கிறது என்பது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். குறியை மறந்தால் கிட்டத்தட்ட 3,000 நாள் என்று விடை வரும்.

செவ்வாய்: 686.98 ÷ 1.025957 = 669.599; ஒன்று போக 668.599. வகுத்தால் 1.02749 நாள், அதாவது 24 மணி 39 நிமிடம் 35 நொடி. இதில் 1.025957ஐ 1.03 என்று சுருக்கினால் விடை சுமார் 6 நிமிடம் தவறும். சுருக்குவதைக் கடைசியில் செய்யுங்கள்.

வியாழன் தன் ஓர் ஆண்டில் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுழல்வதால், ஒன்றைக் கழிப்பது நாளை மூன்றரை நொடிதான் மாற்றும். இந்த முறையில் கிடைப்பது எப்போதும் சராசரி நாள். பூமியிலேயே உண்மையான நண்பகல்களின் இடைவெளி ஆண்டுக்குள் 24 மணியைவிட அரை நிமிடம் வரை கூடும், 20 நொடி வரை குறையும்.

படி 4: வியாழனை நேரடியாக அளப்பது

குறைந்தது 100 மில்லிமீட்டர் தொலைநோக்கி, 120 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம், எதிர்நிலைக்கு (பூமியிலிருந்து பார்க்க, சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் கோள் நிற்கும் காலம்) அருகில் உள்ள வியாழன். கருவியை அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிரவிடுங்கள்; இல்லையென்றால் குழாய்க்குள் இருக்கும் வெப்பக் காற்று படத்தைக் கலக்கும்.

வியாழனின் மாபெரும் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளி, வட்டின் வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை போகும் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ‘இன்னும் வரவில்லை’ என்று உறுதியாகத் தெரியும் கடைசிக் கணத்தையும் ‘தாண்டிவிட்டது’ என்று உறுதியாகத் தெரியும் முதல் கணத்தையும் எழுதி, நடுவை எடுங்கள். பிழை 5 நிமிடம் இருக்கலாம். ஐந்து இரவு கழித்து, சுமார் 52 நிமிடம் முன்னதாக, அதே புள்ளி மீண்டும் நடுவில் நிற்கும். இடைவெளி ஏறக்குறைய 119 மணி 8 நிமிடம். அதற்குள் நடந்தது 12 சுழற்சி. வகுத்தால் 9 மணி 55¾ நிமிடத்துக்கு மிக நெருக்கமாக வரும்.

சுழற்சி எண்ணிக்கையை 11 என்று எடுத்தால் 10 மணி 50 நிமிடம் என்ற தவறான விடை கிடைக்கும். எது சரி என்று தெரிய, நீண்ட இரவு ஒன்றில் புள்ளி இரண்டு முறை கடப்பதைப் பாருங்கள். எதிர்நிலையில் அது முடியும்.

வியாழனின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் உள்ள சிறு திட்டுகளை அளந்தால் 9 மணி 50½ நிமிடம் வரும். உங்கள் அளவீடு தவறில்லை. மேகப் பட்டைகள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. உள்ளிருக்கும் கோளின் சுழற்சியை, காந்தப்புலத்தோடு சேர்ந்து சுழலும் வானொலி அலைகளை வைத்து 9 மணி 55 நிமிடம் 30 நொடி என்று கண்டார்கள். சனியில் அந்த வழியும் எடுபடவில்லை, ஏனென்றால் அதன் காந்த அச்சும் சுழல் அச்சும் கிட்டத்தட்ட ஒன்றே; அதனால் காந்தப்புலம் சுழல்வது வெளியே தெளிவாகத் தெரிவதில்லை. கடைசியில், சனியைச் சுற்றிய காசினி விண்கலம் அதன் வளையங்களில் பதிவு செய்த அலைகளிலிருந்து, 2019இல், 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று கணித்தார்கள்.